மனச்சோர்வும் ஊக்கமின்மையும்: செயலூக்கச் சிகிச்சை குறித்த விளக்கம்

காலையில் விழிப்பு வந்தும் எழ மனமில்லை. குளிப்பது, சமைப்பது, வந்த அழைப்பை எடுத்துப் பேசுவது போன்ற அன்றாடச் செயல்களும் பெரும் சுமையாகத் தெரிகின்றன. முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் இல்லை. இந்நிலை பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதனைச் சோம்பல் என்றோ மன உறுதிக் குறைவு என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. அச்சிகிச்சைகளுள் எளிமையானதும் சான்றுகளால் நிறுவப்பட்டதுமான செயலூக்கச் சிகிச்சையை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• மனச்சோர்வில் ஊக்கக் குறைவு என்பது நோயின் அறிகுறி. அது குணக்குறை அன்று.
• ஊக்கம் வந்த பிறகு செயல்படலாம் என்று காத்திருந்தால் நோய் வலுப்பெறும். சிறு செயல் முதலில், ஊக்கம் பிறகு என்பதே சிகிச்சையின் வரிசை.
• இச்சிகிச்சையை மருந்தின்றியும் மருந்துடன் சேர்த்தும் அளிக்கலாம். எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.
• உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 அல்லது 104 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

சோம்பலா, நோயா?

சோம்பல் உள்ளவர் பிடிக்காத வேலையைத் தள்ளிப்போடுவார். பிடித்த வேலைக்கு எழுந்து நிற்பார். மனச்சோர்வு உள்ளவருக்குப் பிடித்த வேலையும் பிடிப்பதில்லை. செய்ய இயலவில்லையே என்ற குற்ற உணர்வும் அவரை வாட்டும். இவ்வேறுபாட்டைக் குடும்பத்தினர் அறிந்திருப்பது மிக அவசியம்.

மனச்சோர்வின் பொதுவான அறிகுறிகள் பின்வருமாறு:

• தொடர்ந்த சோகம், வெறுமை அல்லது எரிச்சல்
• எதிலும் நாட்டமின்மை, மகிழ்ச்சியின்மை
• தூக்கமின்மை, குறிப்பாக விடியற்காலையில் விழித்துக்கொள்ளுதல். அல்லது மிகுதியான தூக்கம்
• பசி குறைதல் அல்லது மிகுதல்
• காரணமற்ற அசதி, தலைவலி, உடல்வலி
• கவனக் குறைவு, மறதி, முடிவெடுக்க இயலாமை
• தன்னைப் பயனற்றவராகக் கருதுதல், அளவுகடந்த குற்ற உணர்வு
• இறப்பைப் பற்றிய எண்ணம்

புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் பலர் சோகத்தைப் பற்றி முதலில் பேசுவதில்லை. “உடம்பில் தெம்பே இல்லை, ஒரு சத்து ஊசி போடுங்கள், குளுக்கோஸ் ஏற்றுங்கள்” என்றே கேட்கின்றனர். இரத்தப் பரிசோதனையில் குறை ஏதும் தெரியாதபோது ஏமாற்றத்துடன் திரும்புகின்றனர். அசதிக்குப் பின்னால் மனச்சோர்வு இருக்கலாம் என்பதை நோயாளியும் மருத்துவரும் நினைவில் கொண்டால் பல மாதத் துன்பம் தவிர்க்கப்படும்.

2015–16ஆம் ஆண்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வுக்கு உள்ளாகிறார் என்று அது கண்டறிந்தது. மனச்சோர்வு போன்ற பொதுவான மனநலக் குறைபாடுகள் உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை என்பதும் அதில் தெரியவந்தது.

ஊக்கம் ஏன் வற்றுகிறது?

மனித மனம் செயலிலிருந்து பயனைப் பெற்று, அப்பயனால் அடுத்த செயலுக்குத் தூண்டப்படுகிறது. அண்டை வீட்டாருடன் பேசினால் மனம் இலேசாகிறது. ஆகவே மறுநாளும் பேசுகிறோம். சமைத்த உணவைப் பிறர் உண்டால் நிறைவு பிறக்கிறது. ஆகவே மீண்டும் சமைக்கிறோம்.

வேலை இழப்பு, நெருங்கியவரின் மறைவு, கடன், நீண்டகால நோய் போன்றவை இத்தொடரை அறுத்துவிடுகின்றன. மனம் சோர்கிறது, சோர்ந்தவர் வெளியே செல்வதைத் தவிர்க்கிறார். தவிர்ப்பதால் அந்த நேரத்துக்குச் சற்று நிம்மதி கிடைக்கிறது. ஆனால் மகிழ்ச்சியும் நிறைவும் தரக்கூடிய நிகழ்வுகள் அன்றாட வாழ்விலிருந்து ஒவ்வொன்றாக நீங்கிவிடுகின்றன. செய்யாத வேலைகள் குவிகின்றன. குற்ற உணர்வு மிகுகிறது. மனம் மேலும் சோர்கிறது. இச்சுழலில் சிக்கியவரிடம் “மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்று கூறுவதால் பயன் விளைவதில்லை. சுழலை எங்கேனும் ஓரிடத்தில் உடைக்க வேண்டும். எண்ணத்தையோ உணர்வையோ கட்டளையிட்டு மாற்றுவது கடினம். ஒரு சிறு செயலை மாற்றுவது அதனினும் எளிது.

செயலூக்கச் சிகிச்சை என்றால் என்ன?

பிஹேவியரல் ஆக்டிவேஷன் எனப்படும் இம்முறை 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் முன்வைத்த கருத்துகளிலிருந்து வளர்ந்தது. நோயாளியின் அன்றாடச் செயல்களையும் அவற்றோடு மாறும் மனநிலையையும் பதிவு செய்து, அவருக்குப் பொருளுள்ள செயல்களைச் சிறு அளவில், குறித்த நேரத்தில், திட்டமிட்டு மீண்டும் வாழ்வில் சேர்ப்பதே இதன் அடிப்படை. “மனநிலை எப்படி இருந்தாலும் திட்டப்படி செய்தல்” என்பது இதன் மைய விதி.

மூன்று வகைச் செயல்கள் இதில் இடம்பெறும்: மகிழ்ச்சி தருபவை, செய்து முடித்த நிறைவு தருபவை, பிறருடன் தொடர்பை ஏற்படுத்துபவை.

நம் நாட்டில் கிடைத்த சான்று

இச்சிகிச்சையை அளிக்க எல்லா இடங்களிலும் மனநல மருத்துவர் தேவையா என்ற வினாவுக்குக் கோவாவில் விடை கிடைத்தது. பேராசிரியர் விக்ரம் பட்டேல் தலைமையிலான குழு, சங்காத் என்ற தன்னார்வ நிறுவனத்துடன் இணைந்து, 2013 முதல் 2015 வரை கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆய்வு நடத்தியது. மனச்சோர்வு மிகுந்த 495 பேர் அதில் பங்கேற்றனர். அனைவருக்கும் வழக்கமான மருத்துவக் கவனிப்பு வழங்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாகச் செயலூக்கச் சிகிச்சை 6 முதல் 8 அமர்வுகளில் அளிக்கப்பட்டது. ஒவ்வோர் அமர்வும் 30 முதல் 40 நிமிடங்கள் நீடித்தது. அதனை அளித்தவர்கள் மனநலத் துறையில் முன்அனுபவம் இல்லாத, இப்பணிக்கெனப் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு, கூடுதல் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் நோய் தணிந்த நிலையை அடைந்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் இது 39 சதவீதமாக இருந்தது. ஓராண்டுக்குப் பின்னரும் இப்பயன் நிலைத்திருந்தது. மூன்று மாத முடிவுகள் 2017ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியாயின. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, எளிய பயிற்சி பெற்ற பணியாளர்கள் அளித்த இச்சிகிச்சை, உயர்பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் அளித்த சிந்தனை–நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று காட்டியது.

இதன் வரம்பையும் அறிந்திருக்க வேண்டும். கோவாவில் இச்சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மூன்று மாதங்களில் நோய் தணியவில்லை. அத்தகையோருக்கு மருந்தும் மனநல மருத்துவரின் நேரடிக் கவனிப்பும் தேவைப்படும்.

சிகிச்சைக்கு முன் மருத்துவர் என்ன பார்ப்பார்?

• தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய் ஆகியவையும் இதே அசதியைத் தரும். தேவையான இரத்தப் பரிசோதனைகள் செய்யப்படும்.
• மதுப்பழக்கம், அண்மையில் நிகழ்ந்த மகப்பேறு, உட்கொண்டுவரும் பிற மருந்துகள் பற்றிக் கேட்கப்படும்.
• அளவுகடந்த உற்சாகம், தூக்கமே தேவைப்படாமை, கட்டுக்கடங்காத செலவு ஆகியவை முன்பு எப்போதேனும் பல நாட்கள் நீடித்தனவா என்று கேட்கப்படும். அவ்வாறு இருந்திருந்தால் அது இருதுருவ மனநோயாக இருக்கலாம். அதற்குரிய சிகிச்சை வேறு. எனவே மறைக்காமல் கூறுங்கள்.
• பிஎச்கியூ–9 என்னும் ஒன்பது வினாக்கள் கொண்ட படிவத்தால் நோயின் அளவு மதிப்பிடப்படும். இதன் மொத்த மதிப்பெண் 27. பத்து அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் விரிவாக ஆராய்வார்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது?

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டு. குறிப்பிட்ட எவரையும் சுட்டுவதன்று.

கீழ்க்கட்டளையில் வசிக்கும் 47 வயதுப் பெண் ஒருவர், தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலை செய்துவந்தார். தாயாரின் மறைவுக்குப் பிறகு வேலைக்குச் செல்வதை நிறுத்திவிட்டார். ஐந்து மாதங்களாக வீட்டைவிட்டு வெளியே வருவது அரிதாகிவிட்டது. அவருடைய பிஎச்கியூ–9 மதிப்பெண் 17.

முதல் படி: பதிவு செய்தல். ஒரு வாரத்துக்கு, என்ன செய்தார், அப்போது மனநிலை 10க்கு எவ்வளவு என்பதை நோட்டில் எழுதுமாறு ஆலோசகர் கேட்டுக்கொள்கிறார். காலை ஐந்தரைக்கு விழிப்பு, ஒன்பது வரை படுக்கையிலேயே: 1. கைபேசியில் நான்கு மணி நேரம் காணொளிகள்: 2. அக்காவின் அழைப்பை எடுக்கவில்லை: 1. வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரி வந்ததால் குடத்துடன் இறங்கி, கீழ்வீட்டுப் பெண்ணிடம் சில வார்த்தைகள் பேசினார்: 4.

இரண்டாம் படி: வேறுபாட்டைக் காணுதல். “எல்லா நாளும் ஒரே மாதிரிதான்” என்று அவர் கருதியிருந்தார். பதிவு அவ்வாறு காட்டவில்லை. கட்டாயத்தால் எழுந்து சென்ற வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் சற்று மேலாக இருந்தது. சிகிச்சை இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

மூன்றாம் படி: மிகச் சிறிதாகத் திட்டமிடுதல். முதல் வாரத்துக்கு நான்கு செயல்கள் மட்டும் தேர்வு செய்யப்படுகின்றன.

• காலை ஏழரை மணிக்குக் குளித்தல்
• வாசலில் சிறு புள்ளிக் கோலம் ஒன்று மட்டும் இடுதல்
• மாலை ஐந்தரை மணிக்குத் தெருமுனை வரை பத்து நிமிட நடை
• புதன்கிழமை அக்காவுடன் ஐந்து நிமிடம் பேசுதல்

ஏரிக்கரை வரை ஒரு மணி நேரம் நடப்பது என்று அவர் முதலில் கூறியதை ஆலோசகர் ஏற்கவில்லை. நோயின் மிக மோசமான நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் செயல் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய இலக்கு தவறினால் “என்னால் எதுவும் முடியாது” என்ற எண்ணமே உறுதிப்படும்.

நான்காம் படி: தடைகளை முன்கூட்டியே களைதல். “கோலமாவு இல்லை என்றால்?”, “மழை பெய்தால்?”, “அக்கா வேலையைப் பற்றிக் கேட்டால்?” போன்ற வினாக்களுக்கு முன்பே விடை எழுதப்படுகிறது. மழை பெய்தால் மொட்டைமாடிப் படிக்கட்டில் இரு முறை ஏறி இறங்குவது என்று முடிவாகிறது.

ஐந்தாம் படி: மறுஆய்வு செய்து, படிப்படியாகக் கூட்டுதல். இரண்டாம் வாரத்தில் தையல் இயந்திரத்தின் உறையை எடுத்துத் துடைத்து எண்ணெய் இடுகிறார்; தைக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் அண்டை வீட்டுப் பெண்ணின் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துத் தருகிறார். அன்று மாலை நோட்டில் 5 என்று எழுதுகிறார்.

நான்காம் வாரத்தில் தாயாரின் திதி வருகிறது. மூன்று நாட்கள் மீண்டும் படுக்கையிலேயே கழிகின்றன. சிகிச்சை தோற்றுவிட்டதாக அவர் எண்ணுகிறார். ஆலோசகர் அவ்வாறு கருதவில்லை. பின்னடைவு இச்சிகிச்சையில் எதிர்பார்க்கப்படுவதே. முதல் வாரத்துத் திட்டத்துக்குத் திரும்பி, அங்கிருந்து மீண்டும் தொடங்குகின்றனர். எட்டாம் அமர்வில் அவருடைய மதிப்பெண் 8. துக்கம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால் துக்கத்துடனேயே நாளை நடத்திச்செல்லும் வலிமை திரும்பியுள்ளது. மீண்டும் சோர்வு தலைதூக்கினால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார்.

ஒரு செய்தியை இங்கு வலியுறுத்த வேண்டும். தொடக்க வாரங்களில் செயலைச் செய்தும் மகிழ்ச்சி வராமல் இருக்கலாம். அது தோல்வியன்று. முதலில் செயல் திரும்பும். மகிழ்ச்சி சற்றுத் தாமதமாகவே திரும்பும். எனவே “பிடித்ததா?” என்று கேட்காமல் “செய்தேனா?” என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து எப்போது தேவை?

மனச்சோர்வு மிதமாகவோ கடுமையாகவோ இருந்தால், அல்லது பேச்சுவழிச் சிகிச்சையால் மட்டும் முன்னேற்றம் இல்லையென்றால், மருத்துவர் ஃபுளுவாக்ஸெடின், எஸ்சிடலோபிராம் போன்ற மருந்துகளைப் பரிந்துரைக்கலாம்.

• இவை பயனளிக்கத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம்.
• குமட்டல், தலைவலி போன்ற தொடக்ககாலப் பக்கவிளைவுகள் பெரும்பாலும் சில நாட்களில் குறையும்.
• தொடக்க வாரங்களில் பதற்றமோ உயிரை மாய்க்கும் எண்ணமோ மிகுந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். இளம் வயதினரிடம் இதில் கூடுதல் கவனம் தேவை.
• இவை மதுவைப் போல அடிமைப்படுத்துபவை அல்ல. எனினும் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவரின் அறிவுரைப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.
• நலம் பெற்ற பின்பும் பொதுவாக ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர வேண்டும்.
• கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும்.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

• “சோம்பேறி”, “உனக்கு என்ன குறை?”, “நாங்களெல்லாம் படாத கஷ்டமா?” போன்ற சொற்களைத் தவிருங்கள். அவை நோயாளியின் குற்ற உணர்வையே வளர்க்கும்.
• எல்லா வேலைகளையும் அவருக்காக நீங்களே செய்துவிட வேண்டாம். ஒரு சிறு வேலையை அவருடன் சேர்ந்து செய்யுங்கள்.
• செய்த செயலைக் கவனித்துக் கூறுங்கள். “இன்று கோலம் போட்டிருக்கிறாய்” என்ற ஒரு வரி போதும்.
• மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள்.
• திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். அது சிகிச்சை ஆகாது.

எங்கே உதவி பெறலாம்?

சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே ஏளனச் சொல்லாகப் பயன்படுத்துவதுண்டு. 1794ஆம் ஆண்டில் தோற்றம் கொண்ட மனநல மருத்துவமனை அங்கு இயங்குவதே அதற்குக் காரணம். “மனநல மருத்துவரைப் பார்த்தால் கீழ்ப்பாக்கம் என்பார்கள்” என்ற அச்சத்தால் பலர் ஆண்டுக்கணக்கில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உள்நோயாளியாகச் சேரத் தேவையே இல்லை. வீட்டுக்கு அருகிலேயே, காய்ச்சலுக்குச் செல்வது போலச் சென்று சிகிச்சை பெறலாம்.

2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியான கீழ்க்கட்டளையிலும் சுற்றுப்புறங்களிலும் வசிப்போர் பின்வரும் வழிகளைப் பயன்படுத்தலாம்:

• அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். “இரண்டு வாரங்களாக எதிலும் நாட்டமில்லை, மனச்சோர்வு உள்ளதா என்று பாருங்கள்” என்று நேரடியாகக் கூறுங்கள். உரிய இடத்துக்குப் பரிந்துரைப்பார்கள்.
• தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதி அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் நாட்களைக் கேட்டறியுங்கள்.
• செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு.
• 14416: டெலி மானஸ் என்னும் தேசிய மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.
• 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசின் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக ஆக்கியுள்ளது. உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

உடனடி உதவி தேவைப்படும் நிலைகள்

• உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், அதற்கான ஆயத்தம், விடைபெறுவது போன்ற பேச்சு
• உணவும் நீரும் உட்கொள்ள மறுத்தல்
• பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பதாகக் கூறுதல்
• மகப்பேற்றுக்குப் பின் குழந்தைக்கோ தனக்கோ தீங்கிழைக்கும் எண்ணம்

இவற்றுள் எது இருந்தாலும் அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் நச்சுப் பொருட்களையும் அவருக்கு எட்டாத இடத்துக்கு அகற்றுங்கள். உடனே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்; தேவையெனில் 108 ஊர்தியை அழையுங்கள். “சாக வேண்டும் போல் இருக்கிறதா?” என்று நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்காது. கேட்கப்படாமல் போவதே ஆபத்து.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார் என்றும், அதற்காக அவர் தண்டிக்கப்படக் கூடாது என்றும் மேற்கூறிய சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. எனவே காவல் வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்கு வருவதைத் தாமதிக்க வேண்டாம்.

இன்றே தொடங்க விரும்பினால்

இப்பக்கத்தை நீங்கள் படிப்பதே ஒரு முயற்சி. இப்போது ஒரு தாளை எடுத்து, நாளை காலை செய்யக்கூடிய, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாத ஒரு செயலை நேரத்துடன் எழுதுங்கள். அதன் கீழ், சுகாதார நிலையத்துக்குச் செல்லும் நாளையும் உடன் வருபவரின் பெயரையும் எழுதுங்கள். அந்நேரம் வரும்போது மனம் ஒத்துழைக்காமல் இருக்கலாம். எழுதியதை மட்டும் செய்யுங்கள்.